கட்டுப் போட்ட விரல்

ஞாயிறு இரவு, திருப்பூர்.

யாழ்ப்பாணத்திலிருந்து பாட வந்த நான், இன்று இங்கே மண்ணரைப் பகுதிச் சபையில் ஒரு பெண்ணைக் கூசவைத்துவிட்டேன். அவள் மட்டும் கை தட்டாமல் நின்றாள். "கர்த்தரைத் துதிக்கக் கை வலிக்குதோ, தங்கச்சி?" என்று மைக்கிலேயே கேட்டேன். சனம் சிரித்தது. அவளும் தட்டினாள்.

ஆராதனை முடிந்ததும் ஜெபம் கேட்டு வந்தாள். தூத்துக்குடியிலிருந்து பனியன் தைக்க வந்தவள். விரலில் கட்டு. மிஷின் ஊசி ஏறிவிட்டதாம்.

"வேகமா தைக்கணும்னு கம்பெனில ஊசித் தடுப்பக் கழட்டிட்டாவ அண்ணே. நாளைக்கு வேலைக்குப் போவணும். ஆறணும்னு ஜெபிங்க."

விரலுக்காக ஜெபித்தேன். தடுப்பைக் கழற்றியவர்களைப் பற்றி ஆண்டவரிடம்கூட வாய் திறக்கவில்லை. வெளிநாட்டுக்காரன், எனக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன்.

கட்டுத்துணியில் ரத்தம் புதிதாக ஊறியிருந்தது.

"நீங்க சொன்னதும் தட்டுனேம்லா, பாத்தியளா அண்ணே?" என்றாள்.

பார்த்தேன். அப்போது மைக்கில் அல்லேலூயாவும் சொன்னேன்.