சேனைக்கிழங்கு ஏலம்

செப்டம்பர் 2, வியாழன். காலையிலிருந்து தூறல்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஏழு மணியளவில் எங்கள் வீட்டு வெள்ளாடு என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் இரண்டாவது பொத்தானை உட்கொண்டது. ஆடு நலம். சட்டை கவலைக்கிடம்.

மற்றச் செய்தி. நம்ம தாலுகாவை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போன ஞானமுத்து மாமா (அம்மாவின் தம்பி) பேரில் வாரண்டு. ஆளைக் காணவில்லை. காணாதது நல்லது என்கிறாள் அம்மா.

ஆனால் சபையில் ஏலம் கூப்பிட ஆள் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கை வந்த தேங்காய், முட்டை, கிழங்கு எல்லாம் மாமாதான் ஏலம் போடுவார். வாங்குகிறவர்களைவிட அவர் பேச்சுக்குச் சிரிக்க நிற்கிறவர்கள் அதிகம். இரண்டு வாரத்தில் அறுப்புப் பண்டிகை. பாறசாலை, காரக்கோணம் ஆட்களெல்லாம் வருவார்கள். அன்று கூப்பிடுகிறவன் பிறகு ஊரறிந்த ஆள்.

எனக்கு வேண்டும். ஜெபமணிக்கும் வேண்டும். (சபை உபதேசியார் மகன். என் வகுப்பு. நெட்டை.)

செப்டம்பர் 3, வெள்ளி. மூடல்.

போதகர் ஐயாவின் தீர்ப்பு: ஞாயிறு ஆளுக்கு மூன்று சாமான். யாருக்குக் கூட்டம் அதிகம் சிரிக்கிறதோ அவனுக்கு அறுப்புப் பண்டிகை. பெண்கள் பக்கத்துச் சிரிப்பைத்தான் கணக்கில் எடுப்பாராம். ஆண்கள் எதற்கும் சிரிப்பார்களாம்.

என் கைவசம்:
முட்டை – சபையின் கடைசி அங்கத்தினர். ஞானஸ்நானம் பாக்கி.
பூசணி – கணக்கு வாத்தியார் தலை. தட்டிப் பார்த்து வாங்கவும்.
சேனைக்கிழங்கு – ஐந்து பேர் கூடத் தடை உண்டு, இந்தச் சேனைக்கு மட்டும் 144 கிடையாது.

மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம் (சபையில் இந்தச் சொல் வேண்டாம்). ஜெ.ம.விடம் மூச்சு விடவில்லை. அவன் ஆற்றங்கரையில் தனியாக நின்று கத்திப் பழகுகிறானாம். எருமைகள் சிரித்தனவா, தகவல் இல்லை.

செப்டம்பர் 4, சனி. மழை இல்லை.

மாமாவைத் தேடிப் போலீஸ் வந்தது. மூன்று பேர். வைக்கோல் போரை லத்தியால் குத்திப் பார்த்தார்கள். ஒருவர் என்னிடம் மலையாளத்தில், அம்மாவன் எவிடெ (மாமா எங்கே) என்றார். நாலு பதில் நாக்கு நுனியில். ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டேன்.

அவர்கள் போனபின் அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னது: "எலே மக்கா, நாளைக்கு போலீஸைப் பற்றி ஒரு வார்த்த பறஞ்சேன்னா, மாமனுக்குப் பதிலு உன்னைக் கொண்டு போவினும். எனக்கு ஒருத்தன் போனது போதும்."

சரி என்றேன். சேனையை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? ஒரு முட்டை, ஒரு பூசணி.

நாளை சபை வாசலிலும் போலீஸ் நிற்குமாம். அமரவிளையிலிருந்து வந்த பால்காரர் சொன்னார்.

செப்டம்பர் 5, ஞாயிறு. வெயில். வெற்றி!

வாசலில் ஒரு கான்ஸ்டபிள். வடக்கே மலையாளத்து ஆள், பெரிய மீசை. ஜெ.ம. முதலில். மரச்சீனிக்கிழங்கைத் தோளில் பிள்ளை போலப் போட்டுத் தாலாட்டினான். பெண்கள் பக்கம் ஏழு தடவை சிரிப்பு. எண்ணினேன்.

நான். முட்டைக்கு ஒரு சிரிப்பு, அதுவும் இருமலாக இருக்கலாம். பூசணிக்கு ஒன்றுமில்லை, கணக்கு வாத்தியார் முதல் பெஞ்சில் இருந்தார். சேனையைத் தூக்கினேன். 144ஐ முழங்கினேன். கான்ஸ்டபிள் இரண்டு எட்டு உள்ளே வந்து கையை உயர்த்தினார். போதும், கலைந்து போங்கள் என்று.

எங்கள் ஏலத்தில் வாய் திறக்க வேண்டாம், கை உயர்த்தினால் கேட்டதாக அர்த்தம். விடுவேனா?

"ஒரு ரூபா, வாசல்ல நிக்கிற சாரு! ஒண்ணாந்தரம், ரெண்டாந்தரம், மூணாந்தரம்!"

பெண்கள் பக்கம் ஒரே வெடி. போதகர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கான்ஸ்டபிளுக்கு வழக்கத்தை மலையாளத்தில் விளக்கினார். அவர் மீசையைத் தடவினார். கிழங்கை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கே போனார். ரூபாயை ஐயா போட்டார்.

அறுப்புப் பண்டிகை எனக்கு! போலீஸையே ஏலம் எடுக்க வைத்த வீரன். அம்மா மட்டும் முன்னாலேயே வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

செப்டம்பர் 6, திங்கள். மறுபடி தூறல்.

ஊர்வலக்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதன்கிழமை சந்தையில் கூட்டமாம். போலீஸுக்கு முன்னால் இப்படித் தைரியமாகப் பேசுகிற ஆள்தான் வேண்டுமாம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெ.ம.வும் கூட வந்திருந்தான். ஒருவர் அவனிடம், நீ பக்கத்தில் நின்றவன்தானே, இவன் கொஞ்சமாவது நடுங்கினானா என்று கேட்டார்.

ஜெ.ம. என்னை ஒரு தடவை பார்த்தான். "இவனா? இவனுக்கு நடுக்கமுன்னு ஒரு சாதனமே கிடையாதாக்கும்," என்றான். சிரிக்கவே இல்லை.

எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அம்மா அவர்களை அனுப்பிவிட்டாள்.

நேற்று எழுதியதில் திருத்தம். 144 என்று நான் சொல்லவில்லை. சேனை என்றதும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. முகங்களைப் பார்க்கப் பயந்து கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை உயர்ந்தது. ஏலம் கேட்கிறார் என்றே சத்தியமாக நம்பினேன். எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவனிடம்தான் கேட்டேன். அவன் ஜெபமணி.