எழுபது வளைவும் ஒரு சாக்கும்

அரியூர் நாடு,
கொல்லிமலை.

அன்புள்ள சுகுணா கண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மிளகுக் கொடியும் சுகம். அங்கே ஹைதராபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் இன்னும் பேர் வைக்காத பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள், அதனால்தான்.

தாத்தா மடியில் வைத்துத்தான் பேர் என்று நீ பிடிவாதம் பிடித்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. உன் பிரசவத்துக்கு அம்மா வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியும் ஆயிற்று. நான் மட்டும் வரவில்லை. மரவள்ளிக்குக் களை எடுக்க வேண்டும், மாடு கன்று போடப்போகிறது என்று சொன்னதெல்லாம் பொய் கண்ணு. எனக்கு அந்த எழுபது கொண்டை ஊசி வளைவு என்றால் பயம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னே இறங்கினபோது கண்டக்டர் அர்த்தனாரியின் டிக்கெட் பைக்குள் வாந்தி எடுத்தவன் நான். அதோடு சரி, மலையை விட்டு இறங்கவேயில்லை. உன் கல்யாணத்தை நம் கோயிலிலேயே வைக்க வேண்டும் என்று ஏன் ஒற்றைக் காலில் நின்றேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

இந்தத் தடவை விஷயத்தை முறையாகப் பார்த்துவிடுவது என்று, பரண்மேல் இருந்த உன் பழைய அறிவியல் புத்தகத்தை எடுத்து விசை என்ற பாடத்தை முழுக்கப் படித்தேன். பூமி எல்லாவற்றையும் கீழே இழுக்கிறதாம். சரிதான், பஸ்ஸைப் பள்ளத்துக்கு இழுப்பது அதுதான். டயரும் ரோடும் உரசுகிற உராய்வு விசைதான் பஸ்ஸைப் பிடித்துக்கொள்கிறதாம். நேரே போய் டயரைத் தடவிப் பார்த்தேன், நல்ல சொரசொரப்பாகத்தான் இருந்தது. ஏனுங்க, டயர் வாங்கப் போறீங்களா என்று அர்த்தனாரி கேட்டான். வளைவில் ஆளை வெளிப்பக்கம் தள்ளுகிறதே, அது என்ன விசை என்று பக்கத்து வீட்டு மெர்சி டீச்சரைக் கேட்டேன். அது நெசமான விசையே இல்லீங்க, போலி விசைங்க, நேராப் போகப் பாக்குற உங்க உடம்ப பஸ்ஸு திருப்புதுங்க, அவ்வளவுதானுங்க என்றார்கள். நான் எடுத்த வாந்தி போலி இல்லீங்களே டீச்சர் என்றேன்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வாரத்துக்குப் பத்து வளைவு. உச்சியில் இருப்பது எழுபதாவது, அங்கிருந்து அறுபத்தொன்று வரை பஸ்ஸில் போய், இறங்கி, நடந்தே மேலே வந்துவிடுவது. முதல் நாள் என்னைக் கண்டதும் அர்த்தனாரி டிக்கெட் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். வளைவுக்கு வளைவு நான் வழுக்கிப் போய்ப் பக்கத்து சீட்டு அம்மாவை இடித்தேன், அந்தம்மா பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! அங்கேதான் புத்தகம் உதவியது. சீட்டும் வழவழப்பு, என் புது வேட்டியும் வழவழப்பு, உராய்வு போதவில்லை. அடுத்த வாரம் மிளகு கட்டுகிற சணல் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன், ஓர் அங்குலம் நகரவில்லை. பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும்.

நாலாவது வாரம் மானம் போயிற்று. முப்பத்தெட்டாவது வளைவில் சாப்பிட்டதெல்லாம் ஜன்னல் வழியே போய்விட்டது. அத்தனை வளைவும் நடந்து ஏறி வந்து, போதும் சாமி, பாப்பா பெரியவளாகி அவளே என்னைப் பார்க்க வரட்டும் என்று சாக்கைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். உன் அம்மா அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. நீ அனுப்பிய வீடியோவைப் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பாப்பா குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, முன்னால் நகர முடியாமல், அழுதுகொண்டே திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருந்தாள். ஒன்பது தடவை பார்த்தேன். மறுநாள் சாக்கை எடுத்து உதறி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை முதலாவது வளைவையும் தாண்டி, அடிவாரத்தில் காரவள்ளியில் கால் வைத்தேன். வாந்தி இல்லை. கெலிச்சுட்டீங்க என்று அர்த்தனாரி கையைப் பிடித்துக் குலுக்கினான். திரும்பி மேலே ஏறும்போது என்ன நடந்தது என்பது உனக்குத் தேவையில்லாத விஷயம்.

வருகிற பதினெட்டாம் தேதி காலையில் நானும் அம்மாவும் வந்து இறங்குவோம். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு, சாக்கைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றும் சொல்லி வை. ரயில் அப்படியெல்லாம் வளையாது என்று மெர்சி டீச்சர் சத்தியம் செய்திருக்கிறார்கள். பாப்பாவைக் கட்டிலில் தனியாக விடாதே, கீழே இழுக்கிற விசை குழந்தை என்று பார்க்காது. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

இன்னொன்று. தொடாமலே இழுக்கிற விசையும் உண்டாம், கனம் கூடக்கூட இழுப்பும் கூடுமாம். இந்த மலை எத்தனை கனம், பன்னிரண்டு வருஷமாக என்னைப் பிடித்து வைத்திருந்தது. உன் மகள் ஒரு ஆறு கிலோ இருப்பாளா? இழுத்துவிட்டாளே! புத்தகம் தப்பு என்று மெர்சி டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

எட்டுக்கை அம்மன் எட்டுக் கையாலும் உங்கள் மூவரையும் காக்கட்டும். நான் வந்து மடியில் வைக்கும்வரை பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எலுமிச்சம்பழம் நிறைய வாங்கி வை கண்ணு, திரும்பும்போது ஏற வேண்டுமே.

இப்படிக்கு,
எழுபதும் இறங்கிய உன் அப்பா,
சின்னக்கண்ணு