ஒரு சாண் இடைவெளி

காட்டுப்பாக்கம்
13.10.1986

அன்பு மகன் பாஸ்கரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், உன் உடம்பும் வேலையும் நன்றாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பிலாயில் குளிர் வருமுன் கம்பளி வாங்கிக்கொள். டிவி கம்பம் இன்னும் ஏற்றவில்லை. வேளைக்குச் சாப்பிடு, நல்லா இரு.

அண்ணா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். இனி எழுதுவது பத்மா, எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சுகம் என்பது பொய். புள்ள தனியா கீறான், பயந்துடுவான், எழுதாதடி என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். நேற்று அப்பாவும் பக்கத்து வீட்டு வேம்புலி மாமாவும் டிவியில் சிலோன் ரூபவாஹினி தெரியவேண்டும் என்று இருபதடி இரும்புக் குழாயை மாடியில் கயிறு கட்டி நிமிர்த்தினார்கள். மாடியை ஒட்டித்தான் பெரிய டவர் லைன் போகிறதே, அதற்கும் குழாய் நுனிக்கும் ஒரு சாண் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் அண்ணா, தொடவே இல்லை. படாரென்று நீல வெளிச்சம் தாவி வந்தது, வில் மாதிரி வளைந்து மேலே மேலே ஏறி நீண்டு அறுந்தது. அப்பா தூக்கி எறியப்பட்டார். குழாயைத் தொடாமல் கயிற்றைப் பிடித்திருந்ததால் இருவரும் உயிர் பிழைத்தார்கள், அப்பாவுக்குப் புருவம் கருகிவிட்டது, கையெல்லாம் கொப்புளம். இன்னும் என் காதில் இரைச்சல் நிற்கவில்லை.

இன்று ஹில்டா டீச்சரிடம், யார் வீடு என்று சொல்லாமல் கேட்டேன். காற்று மின்சாரத்தைத் தடுக்குமாம், ஆனால் மின்னழுத்தம் மிஞ்சினால் காற்றே உடைந்து வழிவிடுமாம். அந்த வழி கொதிப்பதால் சூடான காற்றோடு வெளிச்சமும் மேலே ஏறுமாம். வீட்டு ஒயர் வேறு, பல்லாயிரம் வோல்ட் ஓடும் டவர் லைன் வேறு என்றார்.

அப்பா நம்பவில்லை. வேம்புலி ஆட்டிட்டான், உரசிடுச்சு, தொடாம ஒரு சாண் தள்ளி இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு பெரியவனே எழுதிக்கீறான், உனக்கு இன்னா தெரியும் என்கிறார். உன் போன கடிதம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நீ வீட்டு ஒயரை நினைத்து எழுதியிருப்பாய், அவருக்கு எல்லாம் ஒன்றுதான். வருகிற ஞாயிறு மறுபடி ஏற்றப் போகிறார்கள்.

சனிக்கிழமை இது கிடைத்ததும் அப்பாவுக்குத் தந்தி கொடு. தொடாவிட்டாலும் தாவும் என்று நீ சொன்னால்தான் கேட்பார். என் பெயரைச் சொல்லாதே. குழாயை இறுக்கி நிறுத்தும் கிளாம்ப் போல்ட்டு நாலும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது, உன் தந்தி வரும்வரை தரமாட்டேன்.

உன் தங்கை,
பத்மா