தவறிக் குடித்தால்

சித்தாண்டி,
10.12.2022

அன்புள்ள தங்கச்சி விதுர்ஷாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே எனக்குக் குறையில்லை. பேராதனைக் குளிரில் நீ சாப்பிடுகிறாயோ இல்லையோ என்பதுதான் என் யோசனை. போன் எடுத்தால் "ம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பார்சலுக்குள் கடிதம் வைக்கிறேன். இதையாவது வாசித்தாக வேண்டுமே!

உன் ஆராய்ச்சிக்கு நீ கேட்டபடி, நம் வயல் வட்டையில் தானாகச் செத்துக் கறுத்துக்கிடந்த இலைசுருட்டிப் புழுக்களையும் அந்த இடத்து மண்ணையும் அனுப்புகிறேன். நான் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். புழு எப்படிச் செத்தது என்று நீதான் சொல்ல வேண்டும்.

தையில் அப்பாவின் திவசம். அம்மாவும் போனபிறகு படைக்க நான் ஒருத்திதான். இந்த முறையாவது வா மனே.

அக்கா தனுஷா

*

பேராதனை,
02.10.2023

அன்புள்ள அக்கா,

பத்து மாதம் பதில் போடவில்லை என்று திட்டுங்கள். கையில் ஏதாவது கிடைத்தபிறகு எழுதலாம் என்றிருந்தேன். கிடைத்துவிட்டது!

நீங்கள் அனுப்பிய புழுவுக்குள் ஒரு பற்றீரியா இருந்தது. அதற்குள் ஒரு பரம்பரையலகு, ஒரு புரதத்தைச் செய்யச்சொல்லி எழுதிவைத்த கட்டளை. அந்தப் புரதம் சின்னப் பளிங்காகக் கட்டிக்கொள்ளும். புழு இலையோடு அதையும் தின்றால் குடல் ஓட்டையாகிச் செத்துப்போகும். அந்தப் பரம்பரையலகை மட்டும் எடுத்துவிட்டு மிச்சப் பற்றீரியாவைக் கொடுத்துப் பார்த்தேன். புழு தின்று கொழுத்தது. ஆக, கொன்றது அதுதான். எதை எடுத்துவிட்டால் சாவு நிற்கிறதோ அதுதான் கொன்றது. எங்கள் தொழிலில் அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

திவசத்துக்கு வா என்று இனி எழுதாதீர்கள். மருந்தைக் குடித்து, ஆறு வயதில் என்னை விட்டுவிட்டுப் போன மனிசனுக்கு நான் சோறு வைக்கமாட்டேன். அம்மா சாகும்வரை அவரைத் திட்டினாவே, அது போதும்.

விதுர்ஷா

*

சித்தாண்டி,
15.10.2023

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். பெருமையாக இருக்கிறது. ஒன்று கேட்கவேண்டும். இதை மருந்தாகக் கரைத்து வைத்திருக்க, மனிசர் தவறிக் குடித்தால் என்ன நடக்கும்? நன்றாக யோசித்து எழுது.

போன கிழமை உச்சிவெயிலில் வரம்பில் நின்றேன். வாடிக் குடிசைக்குள்ளிருந்து அப்பா செருமினார். "தண்ணி கொண்டா மகள்" என்றார். இது முதல் தடவையில்லை. பைத்தியம் என்று நினைக்காதே. அந்த மருந்தின் மணமும் கூடவே வரும்.

அக்கா

*

பேராதனை,
03.11.2023

அன்புள்ள அக்கா,

உச்சிவெயிலில் தொப்பியில்லாமல் நின்றால் அப்பா மட்டுமில்லை, ஊரே செருமும். போய்த் தலையைக் காட்டுங்கள் டாக்குத்தரிடம்.

கேட்டதற்குப் பதில்: புழுவின் வயிறு சவர்க்காரத் தண்ணீர் மாதிரிக் காரம். அதில்தான் பளிங்கு கரைந்து குடலைப் பிடிக்கும். மனிசர் வயிறு புளிப்பு. அதுவும் ஒரு புரதம்தானே, பருப்பு மாதிரிச் செரித்துவிடும். குடிக்கச் சொல்லவில்லை, பயப்படவேண்டாம் என்கிறேன்.

தை கடைசியில், திவசமெல்லாம் முடிந்தபிறகு வருகிறேன். நம் வட்டையில் ஒரு மூலையில் அந்தப் பற்றீரியாவைக் கரைத்து அடித்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

விதுர்ஷா

*

சித்தாண்டி,
09.11.2023

விதுர்ஷா,

சோடாப் போத்தலில் ஊற்றாதே. என்ன மருந்தாக இருந்தாலும் ஊற்றாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வயல் கதிர்காமத்தம்பி மாமா தன் பூச்சிமருந்தில் பாதியைத் தருகிறேன், எதையாவது கொண்டுவா என்றார். கையில் கிடைத்தது அப்பா குடித்துவிட்டுப் போட்ட சோடாப் போத்தல். வாங்கிவந்து வாடி நிழலில் வைத்தேன். அப்பா தண்ணீர் வைத்திருந்ததும் அப்படியொரு போத்தலில்தான். சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். வாய்க்காலில் குளிக்கப் போய்விட்டேன்.

அப்பா சாகக் குடிக்கவில்லை. தாகத்துக்குக் குடித்தார்.

ஆசுப்பத்திரியில் "ஏன் குடிச்ச நீங்க?" என்று டாக்குத்தர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "வெள்ளாமை அழிஞ்ச கவலையில" என்றார். அதோடு ஊரும் அதையே சொன்னது, அம்மாவும் நம்பினா. என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

எதை எடுத்துவிட்டால் சாவு நிற்குமோ அதுதான் கொன்றது என்று எழுதினாய். என்னை எடுத்துவிட்டுப் பார். அப்பா இருப்பார்.

தனுஷா

*

பேராதனை,
08.01.2024

அக்கா,

இரண்டு மாதம் எழுதி எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுவேன்.

நீங்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளை. போத்தலுக்காக உங்கள்மேல் எனக்கு எள்ளளவும் கோபமில்லை. அப்பாவுக்கும் இருக்கவில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அம்மா படுக்கையில் கிடந்தபோது கடைசி மூன்று கிழமை நீங்கள்தானே பக்கத்தில் இருந்தீர்கள்? "என்னை அந்தரிக்க விட்டிட்டுப் போயிட்டானே" என்று அவ அழ அழ, அவ காதில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை அக்கா. இருபது வருசம் நானும் அவரைத் திட்டினேன். அந்தப் பாவத்துக்கு நான் எங்கே போவது?

திவசத்துக்கு வருகிறேன். அன்று காலையில் நீங்கள் வீட்டில் நிற்கவேண்டாம். குருக்கள்மடத்தில் இருக்கிற மாமி வீட்டுக்குப் போய்விடுங்கள். அப்பாவுக்கு நான் தனியாக ஒருமுறை படைக்கவேண்டும், அவரிடம் பேசவேண்டும்.

பின்னேரம் வாருங்கள். உங்களோடு பேசுவேனோ தெரியாது. சோறு எடுத்துவைப்பேன்.

விதுர்ஷா