மூன்று நாள் நேர்க்கோடு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் நலம் என்றுதான் எப்போதும் எழுதுகிறாய், இனி அதையாவது நம்பலாமா என்ற யோசனையோடுதான் இதை ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்குக் கண் தேறிவிட்டது, பேப்பர் படிக்கிறார், சொட்டு மருந்தோடு நான் கிட்டே போனால் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேறு செய்தி எழுதும் நிலையில் நான் இல்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

தாழ்ந்த அலைவரிசையில் மோர்ஸ் எழுத்தின் ஒரு புள்ளி அனுப்பவே ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவு நேரமும் அலைவரிசை இம்மியும் நகரக் கூடாது, நகர்ந்தால் கேட்கிறவன் கம்ப்யூட்டர் திரையில் கோடு சாய்ந்துவிடும் என்பது உனக்குத் தெரியாததில்லை. என் டிரான்ஸ்மிட்டருக்கு எது அசையாமல் நிற்கும் என்று மூன்றை வைத்துப் பார்த்தேன். ஒன்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஓய்வு பெற்ற வருஷம் கழிவில் போட்டதைக் கேட்டு வாங்கிவந்த சூட்டுப்பெட்டி, உள்ளே அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும் கிரிஸ்டல் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும். இரண்டு, ரேடியோ சங்கச் செயலாளர் இரவல் கொடுத்த, சாட்டிலைட்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடிகாரம், பக்கத்துக் கட்டடம் மறைக்கிற என் ஜன்னலில் அது பாதி நேரம் திணறியது. மூன்றாவது நீ வாங்கி அனுப்பிய தீப்பெட்டி அளவு எலக்ட்ரானிக் போர்டு. அப்பா ஃபேன் போட்டாலே அது ஆடும் என்று எனக்குச் சந்தேகம், ஆனாலும் அங்கே கேட்கிற நீதான் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் மூன்று நாள் ஓட்டினேன். சூட்டுப்பெட்டி லேசாகச் சாய்கிறது, கடிகாரம் பரவாயில்லை, போர்டு மட்டும் மூன்று நாளும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு என்று எழுதினாய். படம் கேட்டேன், கம்ப்யூட்டர் சேமிக்கவில்லை என்றாய். நானும் மண்டையை ஆட்டினேன்.

போர்டு ஓடிய அந்த மூன்று நாளும் நாங்கள் கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம், அதுவே தானாக அனுப்பட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது உன் அப்பா போகிற போக்கில் சொல்கிறார், அன்னைக்குக் கிளம்பறப்போ உன் ரேடியோ பிளக்கை நான்தான் பிடுங்கிப் போட்டேன், ஆளில்லாத வீட்ல தீப்பிடிச்சா யார் பாக்கறது, வந்ததும் சொருகிட்டேனே என்று. ஆக மூன்று நாளும் இந்த வீட்டிலிருந்து ஒரு புள்ளிகூடக் கிளம்பவில்லை. கிளம்பாததை நீ நேர்க்கோடாகப் பார்த்திருக்கிறாய், பெரிய கெட்டிக்காரன்தான் போ. இதை உன் அப்பாவிடம் சொன்னால், உன் மனசு நோகக் கூடாதுன்னுதானே புள்ள சொன்னான், இதுக்குப் போய் ஏன் குதிக்கற என்கிறார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவரோடும் நான் பேசுவதில்லை.

உன் பேச்சை நம்பி சங்கக் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் எழுந்து நின்று என் மகன் கண்ணால் பார்த்தான் என்றேன். சங்கத்து டிரான்ஸ்மிட்டருக்கும் அதே போர்டுதான் என்று தீர்மானம் எழுதினார்கள். இனி எதற்கு என்று சூட்டுப்பெட்டியை ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அதே கூட்டத்தில் போய் நின்று என் மகன் எழுதியது பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். செயலாளர் நோட்டைத் திறந்து அந்தத் தீர்மானத்தை அடித்தார், அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. காதில் விழாததை விழுந்தது என்று எழுதுவதைவிடக் கேவலம் எங்கள் கூட்டத்தில் வேறு கிடையாது, என் முகத்தில் நன்றாகவே கரி பூசிவிட்டாய்.

வேலை, அலுப்பு, நேரமில்லை என்று சப்பைக்கட்டு கட்டாதே. நேரமில்லை என்பதைச் சொல்ல உனக்கு வாய் வலித்ததா. எனக்கு உறுத்துவது வேறு. உன் சட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு உன் பெட்டியில் நான் வைத்து அனுப்பிய ரிசீவரை நீ ஒரு நாளாவது திறந்தாயா? நீ வெளிநாடு போன இந்த நாலு வருஷத்தில் கேட்டுச்சும்மா என்று எழுதிய கடிதங்களையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன், எதை நிஜமாகக் கேட்டாய் எதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. புள்ளிக்கு ஒரு நிமிடம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் யாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், அதைச் சொல்.

கல்லூரியில் போய்க் கெஞ்சி சூட்டுப்பெட்டியைத் திரும்ப வாங்கி மாட்டிவிட்டேன், யாருடைய சான்றிதழும் வேண்டாம், இனி அதுதான். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, எங்கள் நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, ஒரே ஒரு எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவேன். எந்த எழுத்து என்று உன் அப்பாவுக்குச் சொல்லப்போவதில்லை, போன் போட்டு நீ அவர் வாயைப் பிடுங்கிவிடுவாய். எழுத்து தெரிந்தால் எழுது. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று எழுது, அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நல்லா இருந்துச்சும்மா என்று எழுதினால் அதுதான் உன்னிடமிருந்து வந்து நான் பிரிக்கிற கடைசிக் கடிதம்.

நோய்நொடி அண்டாமல் நூறு வயசு இரு, கோபத்தில் எழுதினாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ரிசீவர் சூடேற ஒரு மணி நேரம் ஆகும், முன்னாலேயே போட்டு வை. ஆன்டெனா ஒயரை அதன் மூடிக்கு உள்பக்கம் சுருட்டி டேப் ஒட்டியிருக்கிறேன், இதுவரை நீ திறக்கவே இல்லை என்றால் அங்கேயேதான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா