பூஜ்ஜியத்தைத் தாண்டிய ஒரு பைட்

அக்கா,

டண்டினொங் சந்தைக்குப் பக்கத்து மீன்கடையில் இன்று உறைபெட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பெட்டியின் நெற்றியில் −18 என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நம் பழைய கம்பெனியின் சின்னம். கடைக்காரர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார், "என்ன மீன் வேணும் தங்கச்சி?" என்று. எனக்கு மீன் கண்ணில் படவில்லை. அந்தக் கழித்தல் குறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி மனத்துக்குள் உங்களோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2011இல் நான் கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்ன் வந்து அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது நீங்கள் அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தீர்கள். குளிர் அறைகளின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டிகள் செய்யும் கம்பெனி. கணினித் திரையில் தெரிவதெல்லாம் என் வேலை. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு அசெம்ப்ளி மொழியில் நிரல் எழுதுவது உங்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர் நீங்கள். கம்பெனி ஸ்பான்சர் செய்த தற்காலிக விசாவில் இருந்தபடி, பிஆர் என்கிற நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருந்தீர்கள். நம் இருவரையும் தவிர அங்கிருந்த ஒரே தமிழர் மேலாளர். சென்னைக்காரர். தமிழ் ஆள் ஒருவர் மேலே இருக்கிறார் என்று முதல் நாள் நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் நிரலை முதன்முதலில் பார்த்தபோது நான் கேட்டது நினைவிருக்கிறது. "எந்த மாறி என்ன வகைன்னு எங்கங்கக்கா எழுதியிருக்கு?" நீங்கள் உங்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டீர்கள்.

"இங்க வகை எண்டு ஒண்டும் இல்லை. ஒரு பைட் இடம் வேணுமா, ரெண்டு பைட் வேணுமா, அவ்வளவுதான் சொல்லலாம். அதுக்குள்ள கிடக்கிறது எழுத்தோ, எண்ணோ, கழித்தல் எண்ணோ எண்டது எங்கட தலைக்குள்ளதான் இருக்கு."

ஒரு பைட்டில் பூஜ்ஜியத்திலிருந்து 255 வரை வைக்கலாம். கழித்தல் எண்களும் வேண்டுமென்றால் அதே இடத்தைத்தான் பங்கு போட வேண்டும். −18ஐ எழுதினாலும் 238ஐ எழுதினாலும் உள்ளே பதிவது ஒன்றேதான் என்று தாளில் போட்டுக் காட்டினீர்கள்.

"அப்போ எதுன்னு சிப்புக்கு எப்படிங்கக்கா தெரியும்?"

"தெரியாது. ரெண்டு எண்ணை ஒப்பிடேக்க, குறியைப் பார்க்கிற கட்டளை ஒண்டு இருக்கு, பார்க்காத கட்டளை ஒண்டு இருக்கு. நீர் எதைப் போடுறீரோ அதைத்தான் அது செய்யும். பிழையானதைப் போட்டாலும் வாயைத் திறக்காது. விளங்குதே?"

விளங்கியது. நான் பழகியிருந்த மொழிகளில் வகை தவறினால் நிரலை மொழிமாற்றும் கம்பைலரே கத்தும். இங்கே கத்துவதற்கு நாம்தான் இருக்கிறோம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மேலாளருக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை நம் பெட்டி பாலும் காய்கறியும் வைக்கும் அறைகளுக்கானது. வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதே இல்லை. ஆகவே நிரல் முழுக்கக் குறியைப் பார்க்காத ஒப்பீடுகளையே போட்டிருந்தீர்கள். அந்த வேலைக்கு அது சரி. அதே பெட்டியில் சென்சரை மட்டும் மாற்றி உறைபனி அறைகளுக்கும் விற்கலாம் என்றார் அவர். நாம் மூவர் மட்டும் இருந்த அறையில் நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

"இலக்கு −18, அறை −15 எண்டால் ஒரு பிழையும் தெரியாது. சிப்புக்கு அது 238, 241. சரியாத்தான் ஒப்பிடும். அறை ஐஞ்சு டிகிரிக்கு வந்தால்? ஐஞ்சு, 238ஐ விடச் சின்னன். தேவைக்கு மேல குளிராக் கிடக்குது எண்டு நினைச்சு குளிராக்கிற மோட்டாரை ஓட விடாது. அலாரமும் அடிக்காது."

"ஃப்ரீசர்ல எப்பம்மா அஞ்சு டிகிரி வரப்போகுது?"

"கரண்ட் நிண்டால் வரும்."

"மெல்பர்ன்ல எங்க கரண்ட் போகுது? இது என்ன சென்னையா?" என்று சிரித்தார். என்னையும் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அக்கா சொல்றது சரிங்க சார்" என்றேன். "ரெண்டு வாரமா டெஸ்ட்ல ஓடுது. அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார். புதிதாகப் பொருத்தும் இடங்களிலும் ஆட்கள் மோட்டாரைக் கையால் ஓடவிட்டு, அறை உறைந்த பிறகுதான் பெட்டியிடம் ஒப்படைப்பார்கள். அதனால் அங்கேயும் குட்டு வெளிப்படவில்லை.

ஆனாலும் நீங்கள் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒப்பீடாகத் திருத்தி முடித்தீர்கள். சிப்பில் இடம் போதாமல் வேறெங்கோ நிரலைச் சுருக்கி இடம் பிடித்தீர்கள். திருத்தம் தயார் என்று அவரிடம் சொன்னபோது, மறுபடி டெஸ்ட் செய்ய நேரமில்லை என்றார்.

அப்போதுதான் நீங்கள் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்காரத் தொடங்கினீர்கள். மதியத்துக்குக் கொண்டுவந்த புட்டைப் பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள். "டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிடுங்கக்கா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"பிஆருக்குப் போட்டிருக்கு. அதுக்கான மெடிக்கல் முடியட்டும். இப்ப போய் டொக்டர்மார் ஏதும் எழுதி வைச்சால் எல்லாம் போச்சு."

"உடம்பு போச்சுன்னா?"

"சும்மா வாயு. நீர் சாப்பிடும்."

கோடை வந்தது. அனல் காற்றடித்த ஒரு பிற்பகலில் புறநகர்ப் பக்கம் மின்சாரம் போய், நெடுநேரம் கழித்து வந்தது. எல்லா இயந்திரங்களும் திரும்ப ஓடின. மீன் இறக்குமதி செய்கிற ஒருவரின் கிடங்கில் நம் பெட்டி மட்டும், அறை தேவைக்கு மேல் குளிராக இருக்கிறது என்று தீர்மானித்து மோட்டாரை நிறுத்தியே வைத்திருந்தது. அலாரம் அடிக்கவில்லை. அது நீண்ட வார இறுதி விடுமுறை. திரும்ப வந்து கதவைத் திறந்தவர்கள் வாசலிலேயே வாந்தி எடுத்தார்களாம்.

முதலாளி வெள்ளைக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நம் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஆங்கிலத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்: இந்த நிரலை எழுதியது யார்?

"நான்தான்" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். அடுத்த வாக்கியத்துக்காக நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. அதனால் நான் சொன்னேன்: இவர் முன்பே எச்சரித்தார், நானும் அந்த அறையில் இருந்தேன், திருத்தம்கூடத் தயாராக இருக்கிறது. மேலாளர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றார். பிறகு மெதுவாக, "இவர்கள் இருவரும் நெருங்கிய தோழிகள்" என்று சேர்த்தார். முதலாளி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடு உங்கள் வேலை முடிந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் வைத்து நான் கத்தினேன். வக்கீலைப் பார்க்கலாம், புகார் கொடுக்கலாம், நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"விடும். நான் சொன்னது பொய்யில்லைத்தானே. நான்தானே எழுதினனான்."

"முழுசாச் சொல்லலையேக்கா!"

"சண்டை பிடிச்சால் விசா வருமே?"

சண்டை பிடிக்காமலும் வரவில்லை. ஸ்பான்சர் போனதும் பிஆர் விண்ணப்பமும் போயிற்று. வேறு கம்பெனிகளில் கூப்பிட்டுப் பேசினார்கள். பழைய இடத்தில் விசாரித்த பிறகு மறுபடி கூப்பிடவில்லை. விமான நிலையத்தில் நீங்கள் கடைக்குப் போகிறவர் மாதிரி "போட்டு வாறன்" என்றீர்கள். நீங்கள் போன பிறகு மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? உங்கள் திருத்தத்தை எடுத்துப் போட்டு எல்லாப் பெட்டிகளையும் புதுப்பித்தார். அது தன் யோசனை என்று முதலாளியிடம் சொன்னார். நான் வேலையை விட்டேன். கிரெய்கிபர்ன் பக்கம் வேறு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின.

கொழும்பில் பரிசோதித்தபோது புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. "ஒரு வருஷத்துக்கு முந்தி வந்திருக்கலாமே எண்டு டொக்டர் கேக்கிறார்" என்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. எந்தக் காகிதத்துக்காக வலியை மறைத்தீர்களோ, அதை அவர்கள் ஒரு தலையாட்டலில் முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகாவது அந்த விலாவைக் காட்டியிருக்கலாமே? வேலை தேடுகிற நேரத்தில் வேண்டாம் என்றீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். செத்துப்போனவரிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு வருகிறதே.

சென்ற மாதம் தீபாவளி ஒன்றுகூடலில் அந்த மேலாளரைப் பார்த்தேன். பட்டு ஜிப்பா போட்டு நாலு பேர் நடுவில் நின்றிருந்தார். உங்கள் பேச்சு வந்தது. "பாவம், நல்ல திறமைசாலி. நாங்கதான் ஸ்பான்சர் பண்ணி வச்சிருந்தோம். என்ன பண்றது, விதி" என்றார்.

"விதி இல்லைங்க சார். நீங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பைட் என்றால் என்ன என்பதிலிருந்து சொன்னேன். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஓர் அன்ரி என் கையைப் பிடித்து, "நல்ல நாளும் அதுவுமாய் ஏன் பிள்ளை?" என்று சமையலறைப் பக்கம் கூட்டிப்போனார். பின்னால் மேலாளர் எதையோ சொல்ல, யாரோ சிரிப்பது கேட்டது. இப்போது அந்த வட்டத்தில் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். சொல்லட்டும்.

நேற்று உங்கள் தம்பி கொழும்பிலிருந்து பேசினார். "அக்கா கடைசி மட்டும் அந்தக் கொம்பனியைப் பற்றி ஒருத்தரிட்டையும் ஒரு குறை சொல்லேல்லை" என்றார். பெருமையாகச் சொன்னார். நான் உங்கள் ஊர் 'ஓம்' என்றும் சொல்லவில்லை, என் ஊர் 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை. "நான்தான்" என்றதோடு நிறுத்தி நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த இரண்டாவது வாக்கியம் என்னிடம் இருக்கிறது. கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.