அறுத்துப் போட்ட அவரை

மச்சான்,

அவரை பறித்த கை வாசம் சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற அந்த வேலியில்தான் இன்று காலை முதல் பறிப்பு. ஒரு சட்டிக் குழம்புக்குத் தேறும். முறத்தில் கொட்டி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டால் என் சட்டையைப் பிடிப்பாய். பிடிக்க நீ இல்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் அம்மா செத்த அந்த மாசியில், கனடாவிலிருந்து நீ வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் பந்தல் போட வேண்டும், கால் நட இடம் வேண்டும். வேலியில் நெற்று நெற்றாகத் தொங்கிய அம்மாவின் அவரைக்கொடியை அடியோடு அறுத்தது நான்தான். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தியும் விட்டேன். சாவு வீட்டு அவசரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கருமாதி அன்று நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டாய்: "அம்மா அவரைல கொஞ்சம் வெதை எடுத்து வச்சிருப்பியே, குடு மச்சான். அங்க வூட்டாண்ட எடம் கீது."

"கீதுடா, தரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மறுநாள் செங்கல்பட்டு பஜாருக்குப் போய், ஒரு விதைக்கடையில் ஒரு கை அவரை விதை வாங்கி, பழைய பேப்பரில் மடித்து உன்னிடம் நீட்டினேன். நீ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

நம் அப்பாக்கள் இருவரும் காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். நமக்கென்று இருந்தது இந்த வேலி ஓரம்தான். நம் பரம்பரையிலேயே சொந்தமாக மண் வாங்கியது நீ ஒருத்தன். ஆனால் அந்த மண்ணோ பாதி வருஷம் பனியில் கல்லாகக் கிடக்கும். அது தெரியாமல் நான் பெரிய விவசாயி போலச் சொன்னேன்: "ஆடிப்பெருக்கு அன்னிக்குப் போடுடா, தப்பாது." நீயும் போட்டாய். புரட்டாசியில் ஒரே இரவு உறைபனியில், கொடி வெந்த கீரையாகத் தொங்கியது. "இன்னாடா மச்சான், உன் பேச்ச கேட்டு இப்டி ஆச்சே" என்று போனில் திட்டினாய்.

அடுத்த வருஷம் பங்குனியிலேயே சமையலறை ஜன்னலோரம் டீ கப்பில் முளைக்கவைத்து, வைகாசியில் வெளியே நட்டாய். கொடி கூரைவரை ஏறியதே தவிர கோடை முழுக்கப் பூக்கவில்லை. கடைசியில் பூவெடுத்த வாரமே பனி வந்துவிட்டது. நம்ம ஊர் அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூக்கத் தோன்றும், உங்கள் ஊரிலோ ஆனியில் ஒன்பது மணிவரை வெயில் என்று நீயாகவே கண்டுபிடித்தாய். மூன்றாம் வருஷம் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடிமேல் கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்தி, காலையில் எடுத்தாய். எடுக்கும்போது வீடியோவில் என்னைக் கூப்பிடுவாய். உனக்குக் காலை, எனக்குச் சாயங்கால டீ.

"செடிய ஏமாத்துறியா?" என்று சிரித்தேன்.

"ஏமாத்துனாதான் காய்க்குது மச்சான். இன்னா பண்றது?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே சொல்லியிருக்கலாம்.

ஆவணியில் காய்த்தது. நம்மூர்க் கருவாடு போட்டுக் குழம்பு வைத்து, போனை எதிரே நிறுத்திக்கொண்டு சாப்பிட்டாய். இரண்டாவது வாயில் அழுதுவிட்டாய். "அதே ருசிடா. அம்மாவே வச்ச மாதிரி கீது." நான், "ஆமாண்டா" என்றேன். வேறென்ன சொல்வேன்? அது கடை விதைடா மச்சான். அம்மா அவரை இல்லை. மூன்று வருஷம் நீ பிள்ளையைப் போலப் போர்த்தி வளர்த்தது நான் சொன்ன பொய்யை. என்னை மன்னித்துவிடு.

கார்த்திகையில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். தை மாதம் உன் சாம்பலைக் கடப்பாக்கம் கடலில் கரைக்க உன் மனைவி வந்தபோது என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தாள். உள்ளே பதினோரு விதை. மேலே உன் கையெழுத்து: 'அம்மா அவரை. மச்சானுக்கு.' அன்று கடற்கரையில் உட்கார்ந்து நான் அழுததுபோல உன் அம்மா சாவுக்குக்கூட அழவில்லை.

அந்தப் பதினொன்றையும் ஆடியில் வேலியோரம் போட்டேன். ஏழு முளைத்தது.

இன்று பறிக்கும்போது எதிர்வீட்டு அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்த, உன் மச்சான் அம்மாவோட அவரையா? அதத்தான் அன்னிக்கே நீ அறுத்துப் போட்டியே!"

அவளுக்கு இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது.

"அது இல்ல அஞ்சல. இது மச்சானுது. அவன் சொந்த மண்ணுல வெளஞ்ச வெதை" என்றேன். அவரை விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அடிக்கொடியில் பத்துக் காயைப் பறிக்காமல் நெற்றுக்கு விட்டிருக்கிறேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன்: நான் செத்தால் பந்தலைத் தெருப்பக்கம் போடுங்கள், இந்த வேலியில் யாரும் கத்தி வைக்கக் கூடாது.